பாதி மழை

இன்னும் இருபது நிமிடம் இருந்தது. எட்டரைக்கு முன்னால் மழைமானியில் கை வைக்கக் கூடாது என்பது விதி. இருபத்தாறு வருடமாக அந்த ஒரு விதியைத்தான் மீறாமல் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சிகாமணி தாலுகா அலுவலகத்தின் முன்தாழ்வாரத்தில், ஒழுகாத இடமாகப் பார்த்து, தூணுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் நடுவில் ஒடுங்கி நின்றார். மூன்றாவது நாளாக மழை. கொட்டித் தொலைக்கிறது. பெய்கிறது என்று சொன்னால் அதற்கு மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும், அந்த மரியாதையை அவர் என்றைக்கோ நிறுத்திவிட்டார். கொடிமரத்துக்குப் பக்கத்தில், முழங்கால் உயரக் கம்பி வேலிக்குள், பச்சை நிறத்தில் குட்டையாக நின்ற மழைமானி வாயைப் பிளந்து குடித்துக்கொண்டிருந்தது. குடிக்கட்டும். எட்டரைக்கு அதன் வயிற்றைக் கவிழ்த்து எவ்வளவு குடித்தாய் என்று கேட்பது அவர் வேலை. ரிக்கார்டு பிரிவு உதவியாளர், கூடுதல் பொறுப்பாக மழை அளவு. ஓய்வு பெற நான்கு மாதம். அதில் மழை உள்ள மாதம் இது ஒன்றுதான். மார்கழி பிறந்துவிட்டால் பிறகு பனி, பிறகு வெயில், பிறகு ஒரு மாலை, ஒரு சால்வை, நாலு பேர் பேசுவார்கள், நேரம் தவறாதவர் என்பார்கள், வீட்டுக்குப் போய்விடலாம். இந்தக் கார்த்திகையை மட்டும் தாண்டிவிட்டால் போதும்.

எதிரே மதில் சுவரில் ‘மழைநீர் உயிர்நீர்’ என்று நீல எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவனைக் கூட்டிவந்து மூன்று நாள் இங்கே நிறுத்த வேண்டும். காலையில் பக்கத்து வீட்டு எஃப்.எம்.மில் ஒரு பெண் கொஞ்சிக்கொண்டிருந்தாள், ஜன்னலோரம், சூடா ஒரு காபி, வெளியே மழை, வேற என்ன வேணும் என்று. வேறு என்ன வேண்டுமா? ஏரிக்கரைக்குக் கீழே நாற்பத்திரண்டு வீடு இருக்கிறது, போய்க் கேள். மயில் ஆடுகிறது என்பார்கள், பஜ்ஜி போடு என்பார்கள், பெய்யாவிட்டால் தவளைக்குத் தாலி கட்டி வைப்பார்கள், அண்டாத் தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்து ஜபம் செய்வார்கள், நாதசுரத்தில் அமிர்தவர்ஷினி வாசிப்பார்கள். வந்துவிட்டால் குடையை விரித்துக்கொண்டு திட்டுவார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட சிகாமணி மழையைப் பற்றி மட்டும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார், நூலகத்தில் பாதிப் பக்கம் கரையான் தின்ற புத்தகங்கள்வரை. படித்துப் படித்து அதன்மேல் இருந்த கொஞ்சநஞ்சப் பிரியமும் போனது. படத்தில் போடுகிற மாதிரி மேலே கூராகக் கீழே உருண்டையாக எந்தத் துளியும் விழுவதில்லை; அடியில் காற்று முட்டி, பன் ரொட்டி மாதிரி நசுங்கித்தான் விழுகிறது. ஒவ்வொரு துளிக்கு நடுவிலும் ஒரு தூசி. தூசி இல்லாமல் மேலே நீர் சேராது. சூளைப் புகையோ கடல் உப்போ, ஏதோ ஒரு அழுக்கைப் பிடித்துக்கொண்டுதான் அது கீழே வருகிறது. எல்லோரும் மூக்கை விரித்து இழுக்கிற மண்வாசனை மண்ணில் கிடக்கிற கிருமி விடுகிற நாற்றம். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? மங்கையிடம் சொன்னபோது அவள், “கிருமியாவே இருக்கட்டும், எனக்குப் பிடிச்சிருக்கு” என்றாள். மனைவி போய் நான்கு வருடம் ஆகியும் அவள் குரல் இப்படித்தான் குறுக்கே வந்து விழுகிறது, கூப்பிடாமல். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து லட்சம் லிட்டர். ஏரிக்கு நீர் வந்து சேருகிற பரப்பு நாற்பது சதுர கிலோமீட்டர். எட்டு வருடத்துக்கு முன்னால் எழுதிய தொண்ணூற்றிரண்டை நாற்பதால் பெருக்கினால், வேண்டாம், அந்தப் பெருக்கலுக்குள் போக வேண்டாம். முந்நூற்று அறுபத்தெட்டு கோடி. எத்தனை முறை போட்டாலும் அதே விடைதான் வரப்போகிறது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு பதினான்கு. எட்டரை என்பதே நம்முடைய நேரம் அல்ல, லண்டன் கடிகாரத்தில் விடியற்காலை மூன்று மணி; வானிலைக்காரர்கள் எல்லோரும் அந்த ஒரு கடிகாரத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் இன்னொரு விதியும் உண்டு. நேற்றுக் காலை எட்டரையிலிருந்து இன்று எட்டரைவரை பெய்ததெல்லாம் இன்றைய தேதியில்தான் ஏறும். நேற்று மதியம் பெய்து நேற்றே ஓடிப்போன மழையும் இன்றைய மழைதான். பெய்த நாள் கேள்வி இல்லை, அளந்த நாள்தான் கேள்வி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் பெய்ததும் இன்னும் அளக்காமல்தானே கிடக்கிறது.

“இன்னா சார், தபஸா? மழ நிக்கணும்னா, இன்னும் வரணும்னா?”

வந்துவிட்டான். எத்திராஜ். உரச்சாக்கைக் கோணலாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, டீ கேன் கட்டிய சைக்கிளை மழைக்குள்ளேயே ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுத் தாழ்வாரத்தில் ஏறினான். ஏறியதும் நாய் மாதிரி உடம்பை உதறினான். துளிகள் சிகாமணியின் மூக்குக்கண்ணாடியில் தெறித்தன. வேண்டுமென்றே செய்கிறான்.

“இந்த மழையிலயும் டீ விக்கணுமா உனக்கு?”

“டீ விக்கவா வந்தேன்? ஆபீஸ்ல ஈ காக்கா இல்ல. நம்பர் வாங்க வந்தேன் சார்.” அடுக்கிவைத்த பேப்பர் கப்பில் ஒன்றை உருவி டீ பிடித்து நீட்டினான். “குடிங்க. ஒடம்பு நடுங்குது பாருங்க, எலிக்குட்டி மாதிரி.”

வேண்டாம் என்று சொல்ல நினைத்துக் கை வாங்கிக்கொண்டது. எப்போதும் அப்படித்தான். இவன் கொடுக்கிற டீயை எட்டு வருடமாகக் குடிக்கிறார். எத்திராஜ் முன்பு ஏரிக்கு லஸ்கராக இருந்தான். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கரையைக் காவல் காத்து மதகின் ஷட்டரைத் தூக்கி இறக்குகிற வேலை. எட்டு வருடத்துக்கு முன்னால் கரை உடைந்து ஏழு பேர் போனார்கள், அதில் ஒருத்தி இவன் கூடப்பிறந்த தங்கை. வேலையிலிருந்து இவனை நீக்கினார்கள். அதன்பிறகு இந்த டீ கேன். பெரிய மழை வந்தால் காலையில் இங்கே வந்து நிற்பான், சிகாமணி அளக்கும்போது பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணுவான், எண்ணை வாங்கிக்கொண்டு போய்க் காலனியில் சொல்வான். கரைக்குக் கீழே இருக்கிற அந்தக் காலனிதான் இவன் வீடும்.

“மதகாண்ட சத்தம் மாறிப்போச்சு சார் விடியக்காலம்,” என்றான் எத்திராஜ். “உள்ள கல்லு உருள்ற மாதிரி.”

“அப்ப அங்க போய் நிக்க வேண்டியதுதானே. இங்க என்ன?”

“நின்னேன். நின்னு இன்னா புண்ணியம்? கண்ணு சொல்றத நம்பலாமா? அன்னிக்கு என் கண்ணு ரெண்டு மடங்கா காட்டுச்சு. ஏறுது ஏறுதுன்னு கத்துனேன். உங்க அளவுக் கண்ணாடிதான சரியா சொல்லுச்சு, தொண்ணூத்திரண்டுன்னு.” சிரித்தான். பக்கவாட்டில் ஒரு பல் இல்லை, அது கரை உடைந்த மறுநாள் ஊர்க்காரர்கள் அடித்ததில் போன பல். “பொண்ணு வந்துகிறா சார், பிரசவத்துக்கு. ஒம்போதாம் மாசம். பள்ளிக்கூடத்து மேட்டுக்குப் போயிடலாம்னா அவ அம்மா எகிர்றா. ரெண்டு தபா மூட்ட கட்டிக்கினு போயி ஒண்ணும் ஆவாம திரும்பி வந்தாச்சாம், மூணாவது தபா புள்ளத்தாச்சிய பெஞ்சுல படுக்க வெக்க மாட்டாளாம். நம்பர் நூறு தாண்டுனாத்தான் வாசல தாண்டுவேன்றா.”

நூறு. ஏரியின் பொறுப்பேட்டில் எழுதியிருக்கிற எண் அது. நூறு தாண்டினால் ஷட்டர் திறந்து கீழே இருப்பவர்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். தாண்டாமல் திறந்தால் கீழே வயலில் நிற்கிற பயிருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பார்கள். அன்றைக்கு எண் நூறு தாண்டவில்லை, அதனால் திறக்கவும் இல்லை. தாண்டிவிடு என்று சிகாமணி மழையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். இவ்வளவு கொட்டுகிறாயே, இன்னும் கொட்டு. என் கண்ணாடியிலேயே நூறு வருகிற அளவுக்குக் கொட்டு. அப்புறம் நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வெறுக்கிற ஒன்றைப் பார்த்து இப்படிக் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று நினைத்ததும் டீ கசந்தது, மிச்சத்தை வெளியே ஊற்றினார். எத்திராஜ் அதைப் பார்த்துவிட்டு, “சக்கர கம்மியா?” என்றான். இவனை அவர் வெறுத்தார். இவன் ஒருநாளாவது சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால், உன் கண்ணாடியைக் காட்டு பார்ப்போம் என்று கேட்டிருந்தால், என்றைக்கோ முடிந்திருக்கும். நம்புகிறான். கோயில் மணியை நம்புகிற மாதிரி நம்புகிறான். நம்பி நம்பிக் கொல்கிறான்.

ஒரு கண்ணாடிக் குவளை. சோப்புப் போட்டுக் கழுவினதுதான் தப்பு. பதினோரு வருடத்துக்கு முன்னால் பழைய இரும்பு மழைமானியை எடுத்துவிட்டு இந்தப் பச்சை ஃபைபர் மானியை அனுப்பினார்கள், வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டியில், கூடவே அளவுக் கண்ணாடி ஒன்று. முதல் நாளே குழாயடியில் வழுக்கி விழுந்து நொறுங்கியது. அப்போது இருந்த தாசில்தார் ஃபைலை முகத்தில் விட்டெறிகிற ஆள். அரசாங்கப் பொருள் சேதம், விளக்கம் கொடு, மெமோ, சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மை. அலமாரியில் பழைய மானியின் கண்ணாடி இருந்தது. கோடும் எண்ணும் அதிலும் இருந்தன. கண்ணாடி கண்ணாடிதானே என்று எடுத்துக்கொண்டார், உடைந்த சில்லுகளைக் காகிதத்தில் சுற்றி மங்கைக்குக்கூடத் தெரியாமல் குப்பைமேட்டில் போட்டார். பழைய மானியின் வாய் இருநூறு சதுர சென்டிமீட்டர், புதியதின் வாய் நூறு. வாய் பாதி என்றால் சேருகிற நீரும் பாதி. அந்தந்த வாய்க்கு அந்தந்தக் கண்ணாடி. பழைய கண்ணாடியில் ஊற்றினால் எவ்வளவு பெய்தாலும் பாதிதான் காட்டும். இது அப்போது அவருக்குத் தெரியாது. தெரியாதா? வாய் சின்னதாக இருக்கிறதே என்று முதல் நாள் கண்ணில் பட்டதே, கடுகளவு ஒன்று உள்ளே உறுத்தியதே. உறுத்தியது. ஆனால் தெரியாது. இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் அவர் மனம் எத்தனை ஆயிரம் முறை போய் வந்திருக்கிறது, செக்குமாடு மாதிரி, தடம் பள்ளமாகிவிட்டது. அந்த வருடத்திலிருந்து இந்தத் தாலுகாவில் மழை பாதியானது. பத்திரிகையில் எழுதினார்கள். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்து ஏடுகளைப் புரட்டிவிட்டு, மரங்களை வெட்டினோம், அதுதான், இயற்கை பழி வாங்குகிறது என்று உருகினார். சிகாமணியும் தலையை ஆட்டினார், அவருக்கே வருத்தமாக இருந்தது, இரண்டு வேப்பங்கன்றுகூட நட்டார்.

“மணி இன்னா சார்?”

“எட்டு இருபது.”

“முன்னாடியே எடுத்தா இன்னா? பத்து நிமிசத்துல இன்னா பெருசா வந்துடப் போவுது?”

“விதி விதிதான்.”

“அது சரி. நீங்க கரெக்ட்டு ஆளு.” அதில் குத்தல் இருக்கிறதா என்று சிகாமணி அவன் முகத்தைத் தேடிப் பார்த்தார். இல்லை. எதுவுமே இல்லை. விசாரணையின்போதும் இப்படித்தான் நின்றான், கைகட்டி. மழைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி சிகாமணிக்கும் ஆள் வந்தது, கொண்டுபோய் விரித்தார், தொண்ணூற்றிரண்டு, அடியில் கையெழுத்து. அந்த மழைக்கு அந்தக் கரை உடைந்திருக்கவே கூடாது என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். எலிவளையை அடைக்கவில்லை, கரையைக் கவனிக்கவில்லை, லஸ்கரின் அலட்சியம். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டபோது எத்திராஜ், “தொண்ணூத்திரண்டுக்கு ஒடைஞ்சா தப்பு என்னுதாத்தான் இருக்கும் ஐயா” என்றான். அவ்வளவுதான். அவனே சொல்லிவிட்டான். எதிர்த்துப் பேசியிருக்கலாம், கத்தியிருக்கலாம். கண்ணால் பார்த்ததைவிட ஒரு கிழட்டுக் கிளார்க் எழுதிய எண் பெரிது என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பிறகு இரண்டு வருடம் வானம் பொய்த்துப்போனது. ஊரில் கொடும்பாவி கட்டி இழுத்தார்கள். இந்த ஊரில் எவனோ ஒரு கொடும்பாவி இருக்கிறான், அவனால்தான் மழை இல்லை, அவனை வைக்கோலில் செய்து தெருத் தெருவாகத் தரையில் இழுத்துக் கொளுத்தினால் வானம் மனம் மாறும். அந்த வருடப் பொம்மைக்குக் காக்கிச் சட்டை போட்டிருந்தார்கள். எத்திராஜ் வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டையை எவனோ உருவி வந்திருக்கிறான். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்க, விளக்குமாறும் செருப்புமாக ஆளுக்கு ஒரு போடு போட, பொம்மை புழுதியில் புரண்டு புரண்டு வந்தது. சந்து முனையில் எத்திராஜ் நின்றிருந்தான். எல்லோரும் ஒரு நொடி அடங்கினார்கள். அவன் கிட்டே வந்து, “என் சட்டதான, நானே இழுக்கறேன் குடுங்க” என்று கயிற்றின் முனையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். தாலுகா அலுவலக வாசலுக்கு வந்தபோது யாரோ சிகாமணியின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார்கள். அடிக்காமல் நின்றால் என்ன நினைப்பார்கள்? அடித்தார். ஒரே ஒரு அடி, நெஞ்சில், பட்டன் தெறித்தது. அன்று சாயங்காலம் மழை வந்தது. மறுநாள் காலை ஆறு மில்லிமீட்டர் என்று எழுதினார். பார்த்தாயா, பலித்துவிட்டது என்று ஊர் கொண்டாடியது.

அந்த மழையில்தான் மங்கை கண்டுபிடித்தாள். இரண்டு வருடம் கழித்து வந்த மழையைப் பிடித்து வைக்க ஆசைப்பட்டு, அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கிற எவர்சில்வர் சம்படத்தை மொட்டைமாடியில் வைத்திருக்கிறாள். காலையில் அவருடைய ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறாள், பன்னிரண்டு மில்லிமீட்டர். “நேர் பாத்திரத்துல எவ்ளோ உயரம் நிக்குதோ அதுதான் மழைன்னு நீங்கதானே சொன்னீங்க?” அடுத்த மழைக்கும் வைத்தாள். அதற்கு அடுத்ததற்கும். இருபது, அவர் பத்து. பதினாலு, அவர் ஏழு. அவர் டேப் எடுத்துக்கொண்டு யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்குப் போய் மானியின் வாயை அளந்தார். அளந்துவிட்டுக் கொடிமரத்தின் அடியில் உட்கார்ந்தார், வெயில் சாயும்வரை. வீட்டுக்கு வந்ததும் அவள், “சொல்லிடுங்க” என்றாள். சொல்கிறேன் என்றார். “அந்த மனுஷன் வாசல்ல டீ விக்கறான். சொல்லிடுங்க.” சொல்கிறேன். சொன்னால் என்ன ஆகும், ஏழு உயிர், தூக்குக் கயிறா கொடுக்கப் போகிறார்கள், ஆனால் தெருவில் நடக்க முடியுமா? திடீரென்று சரியாக எழுதினாலும் மழை ஒரே நாளில் எப்படி இரட்டித்தது என்று யாராவது கேட்பார்கள். அதனால் தெரிந்தும் அதே கண்ணாடி. தெரியாமல் ஐந்து வருடம், தெரிந்து ஆறு வருடம். சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் அவள் கிடந்தபோது வெளியே மழை. கண்ணைத் திறந்து, “எவ்ளோ?” என்று கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும். “முப்பத்தொண்ணு” என்றார். அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஏன் அறுபத்திரண்டு என்று வாயில் வரவில்லை? அங்கே யார் இருந்தார்கள், நர்ஸ்கூட இல்லையே, ஒரு எண், செத்துக்கொண்டிருக்கிறவளிடம் ஒரே ஒரு எண். வாய் பழகிவிட்டிருந்தது. அதன்பிறகு இரண்டு நாள் இருந்தாள், வேறு எதுவும் கேட்கவில்லை.

“சார். எட்டர.”

குடையை விரித்தால் காற்று பிடுங்கியது. மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடியே போனார்கள், முன்னால் அவர், பின்னால் எத்திராஜ். தண்ணீர் கணுக்காலுக்கு மேல். வேலிக் கதவைத் தூக்கித் திறந்து, மானியின் புனலைக் கழற்றி, உள்ளிருந்த பாட்டிலை எடுத்தார். கனத்தது. தாழ்வாரத்துப் படியில் கொண்டுவந்து வைத்து அளவுக் கண்ணாடியைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார். ஒரு கண்ணாடி நிறையப் பத்து மில்லிமீட்டர். ஊற்றினார். “ஒண்ணு,” என்றான் எத்திராஜ், குந்தி உட்கார்ந்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து. கொட்டினார், ஊற்றினார். “ரெண்டு.” பாட்டில் இன்னும் கனமாக இருக்கிறது, வரும், பத்து வந்துவிடும். “மூணு. நாலு.” வந்துவிட்டால் இந்த வருடம் தப்பித்தேன். “அஞ்சு.” அடுத்த வருடம் இந்தப் படியில் வேறு எவனோ. “ஆறு. சிந்தாதீங்க சார். ஏழு.” இலேசாகிவிட்டது. தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. “எட்டு.” மிச்சத்தைக் கவிழ்த்து, தட்டித் தட்டி, கடைசிச் சொட்டுவரை வடித்தார். பத்தாவது கோட்டுக்கு இரண்டு கோடு கீழே போய் நீர் அசையாமல் நின்றது. எட்டு. பாட்டிலை இன்னொரு முறை உதறினார். அதில் எதுவும் இல்லை.

“எம்பத்தெட்டு,” என்று எத்திராஜ் எழுந்தான். முகம் தளர்ந்து, இளமையாகிவிட்டது. “அப்பாடா. எம்பத்தெட்டுதான் சார். நான் வேற காலைலேர்ந்து ஈரக்கொல நடுங்கிக் கெடந்தேன்.” சட்டைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து அழுத்திக் காதில் வைத்தான். சிகாமணி காலிப் பாட்டிலைப் படியில் வைத்தார். பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே எண்ணினான், அவனே சொன்னான், அவனே போன் போடுகிறான். சும்மா நின்றால் போதும். “ஏ, நான்தான். எம்பத்தெட்டுதான். ஆமா, பக்கத்துல நின்னு எண்ணுனேன். எங்கியும் போவாதீங்க. அவளப் படுக்கச் சொல்லு. அடுப்பப் பத்த வெச்சிக் கஞ்சி கிஞ்சி வெச்சிக் குடு, மத்த வூட்டுக்கும் சொல்லிடு, பயம் இல்லன்னு...”

“எத்திராஜு, வெக்காத.”

“இன்னா சார்?”

“போன வெக்காத. நூத்தி எழுபத்தாறு.”

எத்திராஜ் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினான். உள்ளே ஒரு பெண் குரல் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. “எது நூத்தி எழுபத்தாறு?”

“மழை. இந்தக் கண்ணாடி இந்த மானிக்கு உண்டானது இல்ல. பாதிதான் காட்டும். எம்பத்தெட்டு இல்ல, நூத்தி எழுபத்தாறு. அவங்கள ஏறச் சொல்லு. இப்பவே.” சொல்லும்போது குரல் தன்னுடையது மாதிரி இல்லை, யாரோ பக்கத்தில் நின்று கோபமாகக் கத்துகிற மாதிரி இருந்தது. “பாத்துக்கினு நிக்கிறியே, சொல்லுடா!”

எத்திராஜ் போனுக்குள் கத்தினான். கிளம்பு, எல்லாரையும் கிளப்பு, மேட்டுக்கு, மூட்டையெல்லாம் வேணாம், அவளக் கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போ, கேள்வி கேக்காத. அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே சிகாமணி தன் போனில் ஏரிப் பிரிவு அலுவலகத்தைக் கூப்பிட்டார். எடுத்தது ஒரு பெண், புதியவள், தூக்கக் கலக்கக் குரல். “நூத்தி எழுபத்தாறு,” என்றார். அவள் தயங்கினாள். “சார், நேத்து நாப்பத்தொண்ணுன்னு குடுத்தீங்க. இன்னிக்கு நூத்தி எழுபத்தாறா?”

“நேத்து எம்பத்திரண்டு. முந்தாநாளும் ரெண்டு மடங்கு. எல்லாமே ரெண்டு மடங்கு. எல்லா ஷட்டரையும் தூக்கச் சொல்லும்மா.”

“எழுத்துல வேணும் சார், நான் எப்படி...”

“தெய்வசிகாமணின்னு எழுதிக்க. பதினோரு வருஷமா தப்பா அளந்தேன்னு எழுதிக்க. எழுதிட்டு மொதல்ல சைரன் போடு.”

போனை வைத்தபோது எத்திராஜ் சைக்கிளுக்கும் படிக்கும் நடுவில் மழைக்குள் நின்றிருந்தான். சாக்கு தலையிலிருந்து நழுவி விழுந்திருந்தது, எடுக்கவில்லை. அவன் உதடு மட்டும் அசைந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மறந்தவன் மாதிரி முதலில் விரலை மடக்கினான், பிறகு மடக்காமல் நிறுத்திக்கொண்டான்.

“நூத்தி எம்பத்திநாலு,” என்றான். “அன்னிக்கு.”

“ஆமா.”

“என் கண்ணு சரியாத்தான் பாத்துச்சு.”

“ஆமா.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ஆறு வருஷமா.”

அடிப்பான் என்று சிகாமணி நின்றார். அடிக்கட்டும் என்று நின்றார். கழுத்து தானாகவே முன்னால் நீண்டிருந்தது. எத்திராஜ் கிட்டே வந்தான். மூச்சு முகத்தில் பட்டது. படியில் இருந்த கண்ணாடியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், ஏரி இருக்கிற திசையைப் பார்த்தான். பிறகு திரும்பிப் போய் சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த டீ கேனை அவிழ்க்க முயன்றான். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் இழுத்து அறுத்தான். கேன் கவிழ்ந்து மூடி கழன்று டீ முழுவதும் வெள்ளத்தில் செம்மண் நிறத்தோடு கலந்து ஓடியது. ஆள் உட்காருகிற அளவுக்குக் கேரியரைத் துடைத்தான்.

“பொண்ணால நடக்க முடியாது,” என்றான், அவரிடம் இல்லை, தனக்குத்தானே. சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்பினான். “நீ இங்கியே இரு. ஜனத்த ஏத்திட்டு வரேன். எங்கியும் போயிடாத. வந்து பேசிக்கறேன் உன்னாண்ட.”

எட்டு வருடத்தில் முதல்முறையாக அவன் சார் என்று சொல்லவில்லை. சிகாமணி தலையசைத்தார். சைக்கிள் வாசலைத் தாண்டித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மறைந்தது. கொஞ்ச நேரத்தில் ஏரிப் பக்கம் சைரன் ஊதத் தொடங்கியது, விட்டு விட்டு. காவலாளி உள்ளேயிருந்து ஓடிவந்து, “என்ன சார் ஆச்சு, ஏன் நனையறீங்க, உள்ள வாங்க” என்றான். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பத்து மணிக்கு அலுவலகம் திறந்தது, ஆட்கள் வந்தார்கள், போன்கள் அடித்தன, யாரோ அவர் பெயரைச் சொல்லித் தேடினார்கள். சிகாமணி படியிலேயே உட்கார்ந்திருந்தார், வாசலைப் பார்த்தபடி.